மூன்றாம் வரிசையிலிருந்து ஓடிபி

வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, பேத்துப்பாறையில் ஞானமுத்துவின் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோர மேசையில் ஞானமுத்து. எதிரே கட்டிலில், மடியில் பிராட்பேண்ட் ஒயர் செருகிய லேப்டாப்போடு மகள் அனிட்டா. வாசற்படியில் பூட்ஸ் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு மருமகன் ஆக்னல். அடுப்போரத்து மர நாற்காலியில் யாரும் இல்லை. மனைவி புஷ்பமேரியை அடக்கம் செய்து பத்தொன்பது நாளாகிறது. அவள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

"அப்பா, பேங்க்ல இருந்து மெயில் வந்திருக்கு," என்றாள் அனிட்டா. "ஓடிபி சரியாம்."

அம்மாவின் கணக்கை மூட அவள் காலையில்தான் ஆன்லைனில் விண்ணப்பித்தாள். பதிவான எண்ணுக்கு ஓடிபி போயிருப்பதாகத் திரையில் வந்ததும் அப்படியே விட்டுவிட்டாள். அந்த செல்போன் சவப்பெட்டிக்குள் இருந்தது. மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைத் தினமும் போட்டுக் கேட்டவளிடமிருந்து அதைப் பிரிக்க மனமில்லாமல், ஜெபமாலையோடு சேர்த்து அவள் கைக்குள் வைத்தவர் ஞானமுத்துதான்.

"நீ எதையும் அடிக்கலையே?"

"நம்பரே தெரியாதேப்பா, எதை அடிக்க?"

"அத்தைக்கு அங்க டவர் கெடைக்குது போல மாமா," என்று ஆக்னல் சிரித்தான். "இங்க ஒரு கோடு வரணும்னா நான் தண்ணித்தொட்டி மேல ஏறணும்."

ஞானமுத்து சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சுமூட்டம் இறங்கி அவரைக்காய்ப் பந்தலையும் வேலியையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வர, அணைந்த அடுப்பின் சாம்பல் வாசனைக்கு அடியிலிருந்து, புதிதாகத் தோண்டிய ஈரமண்ணின் வாடை மெல்ல எழுந்து அறை முழுக்கப் பரவியது.

அனிட்டா பேங்கின் சாட்டில் எழுதினாள்: என் அம்மா இறந்துவிட்டார்.

பதில் உடனே வந்தது. 'தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். எனினும், தாம் நலமாக இருப்பதை வாடிக்கையாளர் ஓடிபி மூலம் உறுதி செய்துள்ளார். முகவரியையும் மாற்றியுள்ளார்: கல்லறைத் தோட்டம், மூன்றாம் வரிசை, பேத்துப்பாறை. கணக்கில் இரண்டாவது பெயராக மகள் அனிட்டாவைச் சேர்க்கக் கோரியுள்ளார். இருவருக்கும் முகவரி அதுவே. அனிட்டாவின் சம்மதத்துக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.'

டவரே இல்லாத அனிட்டாவின் செல்போன் கட்டிலில் அதிர்ந்தது.

"தொடாதே!" என்றார் ஞானமுத்து.

யாரும் தொடவில்லை. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க்கடிகாரம் ஓடியது.

லேப்டாப்பில் அடுத்த வரி. 'ஓடிபி சரிபார்க்கப்பட்டது. இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால், கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

எழுத்து மூலம். அது அவருக்குத் தெரிந்த வேலை. மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் செய்த வேலை. மேசைப் பக்கம் திரும்பித் தாளை எடுத்தார். வலது மேல்மூலையில் தேதி. பெறுநர். பொருள். பிறகு வரிசை எண் போட்டு எழுதினார்.

'1. என் மகளுக்கு இதில் சம்மதம் இல்லை.

2. அவள் பெயரை நீக்கி, அந்த இடத்தில் என் பெயரைச் சேர்க்கவும்.

3. முகவரி எனக்குச் சம்மதம்.'

பின்னால் அனிட்டா இருமினாள். ஈரமான இருமல். கட்டில் கிறீச்சிட்டது. அவர் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டார். உறைக்குள் வைத்தார். சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"ஆக்னலு, வெரசா போப்பா. தபால் பை நாலு மணி பஸ்ஸுல போயிரும். ரிஜிஸ்டர்ல போடு."

ஆக்னல் உறையை வாங்கினான். அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். வாய் திறந்தது. ஓடினான். பத்தடியில் மஞ்சு அவனை மூடியது.

மர நாற்காலி முனகியது.

ஞானமுத்து திரும்பினார். கட்டில் காலி. நாற்காலியில் அனிட்டா. பாதம் இரண்டிலும் ஈரமண். விரல்களில் சுற்றிய ஜெபமாலை.

பிறந்ததிலிருந்து அவரை அப்பா என்று மட்டுமே கூப்பிட்டவள், தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏங்க... அட்ரஸ் சரியா எழுதுனீங்களா?"

தூரத்தில், நாலு மணி பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.