முன்சுவர் மட்டும்

சனிக்கிழமை காலை 8.10. மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேரு ஊரில் புதிதாகக் கட்டிய சமூக மண்டபத்தின் முன்சுவர் உள்பக்கமாக விழுந்து கிடந்தது. மற்ற மூன்று சுவர்களும் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றன. மரத்தூண்கள் தாங்கிய தகரக் கூரையும் நின்றது. திறப்பு விழா மறுநாள்.

மண்டபத் தலைவர் பக்கிரிசாமி விழாவுக்குத் தைத்த கோட்டை ஒரு நாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு வந்திருந்தார். துக்கத்துக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

சூளையில் சுடாத, சிமெண்டு அதிகம் சேராத மண்கல்லால் கட்டிய மண்டபம் அது. பூமி சூடாவதைப் பற்றி பக்கிரிசாமி எட்டு மேடைகளில் பேசியிருக்கிறார். எட்டிலும் ஏர்கோன் குளிர் போதவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். ஆனாலும், மண் வீடா என்று ஊரே சிரித்தபோது அந்தக் கல்லுக்காகப் பிடிவாதமாக நின்ற ஒரே ஆளும் அவர்தான்.

காலை 8.40. இன்சூரன்ஸுக்காகச் சேதம் பார்க்கும் சந்திரகலா கிள்ளானிலிருந்து வந்து இறங்கினார். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு புயல் சேதம் பார்த்தவர். இப்போது வாரத்துக்கு மூன்று.

"நேத்து சாயந்திரம் அஞ்சு மணிக்குப் புயல் மேடம்," என்றார் பக்கிரிசாமி. "முன்பக்கக் கூரைய மூணடி பிச்சிட்டுப் போயிடுச்சி. சரி, கல்லு நல்லா இருந்தா நிக்கணும்லா? இவன் செஞ்ச கல்லு பிஸ்கட் மாதிரி ஊறிப்போச்சி."

'இவன்' என்பது பக்கத்தில் நின்ற கொத்தனார் ராஜேஷ்குமார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். தலைவரின் புகார் கொத்தனாரின் முதலாளிக்குப் போனால் பெர்மிட் ரத்து; அடுத்த வாரம் ஊருக்கு விமானம். புகார் தலைவரின் போனில் தயாராக இருந்தது. அனுப்புவதுதான் பாக்கி.

"நீங்க இங்க வேலைய முடிச்சி எவ்ளோ நாளாச்சி?" என்று கொத்தனாரிடம் கேட்டார் சந்திரகலா.

"மூணு மாசம்க்கா. அப்புறம் ஜெஞ்சாரோம் ஊர்ல வேற சைட்டுதான். இன்னிக்குக் காலைலதான் கூப்பிட்டு விட்டாங்க."

"அப்ப கூரை எவ்ளோ வெளிய நீட்டியிருந்திச்சி?"

"நாலு பக்கமும் நாலடி. மண்சுவருக்கு அதுதான்க்கா குடை."

சந்திரகலா அண்ணாந்து பார்த்தார். முன்பக்கத் தகரம் காற்றில் நெளிந்து கிடந்தது. கிழிந்ததா, வெட்டியதா, சொல்ல முடியவில்லை. விழுந்த கற்களுக்கு நடுவே பெயர்ப்பலகை. தங்க எழுத்தில் 'பக்கிரிசாமி மண்டபம்'. அதற்கு முன்னால் மூன்றெழுத்துக்கு இடம் காலி.

"இது ஏன் காலியா இருக்கு?"

"டத்தோ பட்டம்... சுல்தான் குடுத்தா போட்டுக்கலாம்னு," என்றார் பக்கிரிசாமி, குரலைத் தாழ்த்தி.

சந்திரகலா சிரிக்கவில்லை. மண்டபத்தை ஒருமுறை சுற்றி வந்தார். மூன்று பக்கமும் சுவரிலிருந்து நாலடி தள்ளி, கூரையிலிருந்து சொட்டிய நீர் செம்மண்ணில் வரிசையாகச் சிறு குழிகள் பறித்திருந்தது. முன்பக்கம் வந்ததும் உட்கார்ந்து, ஒரு குழிக்குள் விரலை விட்டார். விரல் பச்சையாக வெளியே வந்தது.

9.15.

"தலைவரே, கூரை நேத்துதான் போச்சி?"

"நேத்து அஞ்சு மணி."

"கண்ணால பாத்தீங்க?"

"பாத்தேன் லா."

"அப்ப நேத்து வரைக்கும் தண்ணி நாலடி தள்ளித்தான் சொட்டியிருக்கணும்."

"ஆமா."

"கொஞ்சம் குனிஞ்சி பாருங்க. நாலடி தள்ளி இருக்கிற குழியில புல்லு முளைச்சிருக்கு. தண்ணி சொட்டுற எடத்துல புல்லு நிக்காது. சுவர ஒட்டி ஓரடியில இன்னொரு வரிசை. விரல் ஆழம், உள்ள பாசி. ஒரே ராத்திரியில பாசி பிடிக்காது. கூரைய வெட்டி ரெண்டு மாசமாவது ஆயிருக்கும். அன்னிலேர்ந்து பெஞ்ச மழையெல்லாம் சுவரோட அடியத்தான் நனைச்சிருக்கு. நேத்துப் புயலு வந்து சும்மா தொட்டுச்சி. வெட்டினது நீங்கதானே?"

பக்கிரிசாமி கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். மூச்சு விடுவதற்கு அது தேவைப்பட்டது.

"ரோட்டுலேர்ந்து பாத்தா போர்டு தெரியல மேடம். கூரை மறைச்சிது. மூணடிதானேன்னு மச்சான வச்சி வெட்டிட்டேன்."

"கொத்தனார ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்பான்."



"இன்சூரன்ஸுக்கு நான் எழுதிக்கிறேன்," என்றார் சந்திரகலா. "இவரு விஷயத்த நீங்கதான் எழுதணும்."

பக்கிரிசாமி புகாரை அழித்தார். பிறகு ஒற்றை விரலால் எட்டு நிமிடம் தட்டினார். அடைமொழி ஒன்றுகூட இல்லாமல் அவர் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். உரக்கப் படித்தார்:

"'கூரையை வெட்டியது நான். கொத்தனார் மேல் குற்றமில்லை. சுவரை அவரே மறுபடி கட்ட வேண்டும்.' போதுமா?"

"அனுப்புங்க."

அனுப்பினார். விழாவைத் தள்ளிவைத்து இன்னொரு செய்தியும் அனுப்பினார். 9.50க்கு முதலாளியின் பதில் வந்தது: திங்கட்கிழமையிலிருந்து ராஜேஷ்குமாருக்கு வேலை மேருவில்.

ராஜேஷ்குமார் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. உடையாத கற்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார்.

"ஐயா, இந்தத் தடவ கூரைய அஞ்சடி நீட்டணும். மழை இப்பல்லாம் சாஞ்சுதான் அடிக்குது."

பக்கிரிசாமி குனிந்து ஒரு கல்லின் மறுமுனையைப் பிடித்தார்.

"ஆறு போடு தம்பி."