முப்பத்தைந்தில் ஒரு பங்கு

பொங்கல் கழிந்த நாலாம் நாள், காலை பத்து மணி இருக்கும், மாமா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினேன். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு டாங்கி இருந்தது. பிளாஸ்டிக் டாங்கி. நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. முந்நூறு சொச்சம் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் அடித்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு போர் வண்டி கிடைக்கும்.

எனக்குத் தஞ்சாவூரில் பல் லேப். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். டாங்கி செய்வது பொழுதுபோக்கு. இரண்டுக்கும் ஒரே கருவிகள்தான், ஒரே பூதக்கண்ணாடிதான். ஏன் டாங்கி என்று கேட்பவர்களிடம், அப்பா டாங்கி ஓட்டினவர் என்று சொல்வேன். அவர் பெயர் சாமிதுரை. எழுபத்தொன்றாம் வருஷப் போரில், மேற்கு எல்லையில், டிசம்பர் மாதம் வண்டி தீப்பிடித்து இறந்துபோனார். நான் பிறந்தது அடுத்த ஏப்ரலில்.

அதே வண்டியில் பீரங்கி சுடுகிற ஆளாக இருந்தவர்தான் துரைராசு மாமா. அப்பாவின் தங்கை நாகம்மாள் அத்தையைக் கட்டியவர். அப்பாவைக் காப்பாற்றப் போய்க் கை வெந்துவிட்டது என்று ஊரே சொல்லும். வலது கையில் முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுக்கும். திரும்பி வந்து என்னை வளர்த்தார். சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, பட்டணத்தில் படிக்கவைத்தது, என் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்றது எல்லாம் அவர்தான். என் அம்மா நீலாம்பாள் ஐம்பத்து நாலு வருஷத்தை ஓட்டியதும் அவர் சொன்ன ஒரு பேச்சை வைத்துத்தான்.

"ஒரே நொடிதான் தங்கச்சி. வலியே தெரிஞ்சிருக்காது."

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கட்டிய கூடத்துக்கு மாமா பெயர் வைக்கிறார்கள். குடியரசு தினத்தில் திறப்பு விழா. அந்த டாங்கி மாதிரியே ஒன்று செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே என்று தலைமையாசிரியை கயல்விழி எனக்குப் போன் செய்து கேட்டார். மாமா பக்கத்தில் இருந்தே செய்தால் சரியாக வரும் என்று ஒரு வாரம் லேப்பை மூடிவிட்டு நானாகத்தான் கிளம்பி வந்தேன். அவரிடம் கேட்கக்கூட இல்லை.

ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புது ஆற்றங்கரையிலிருந்து நூறடி தள்ளிப் பழைய ஓட்டு வீடு. அத்தை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, மாமா மட்டும்தான் இருந்தார். நல்ல வெயில் நேரத்தில் ஜன்னல் ஒன்று விடாமல் சாத்திக் கிடந்தது. உள்ளே பழைய நெல்லின் புழுக்க வாசனை.

"ஏன் மாமா இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க?"

"வயல்ல செயின் மெஷின் ஓடுது. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது."

ஈர வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்துக்கு டயர் கிடையாது, டாங்கிக்கு இருப்பதுபோல இரும்புச் சங்கிலிப் பட்டைதான். சம்பா அறுவடை நடக்கும் நாட்களில் மாமா வெளியே தலை காட்டமாட்டார் என்று அத்தை சொன்னதுண்டு. வயலில் அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"செய்யறதுன்னா செய். ஆனா புதுசா இருக்கட்டும். அழுக்கு, சேறு ஒண்ணும் வேணாம்."

டாங்கி செய்கிறவர்களுக்கு அதுதான் முக்கால்வாசி வேலை. புது வண்டியைப் பழசாக்க வேண்டும். நனைத்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிச் சாயம் உரிந்த இடங்களைக் காட்டி, எண்ணெய்ச் சாயத்தை மெல்லிசாக இழுத்துத் துரு ஒழுகவிட்டு, பொடி தூவிப் புழுதியாக்கி, சங்கிலியில் சேறு அப்ப வேண்டும். அது இல்லாத டாங்கி கடையில் விற்கும் பொம்மைதான். இருந்தாலும் சரி என்றேன். அவருக்கு எழுபத்தேழு வயது.

மூன்று நாளில் ஒட்டி முடித்துப் பச்சைச் சாயம் அடித்தேன். மேலே சுழலும் டரெட்டை ஒட்டவில்லை, அது திரும்பும்படி விட்டிருந்தேன். பீரங்கிக் குழலை நேராக முன்னால் பார்க்க வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வண்டியின் முன்பக்க இடது மூலையில் டிரைவர் ஏறி இறங்கும் சின்ன மூடி உண்டு, குழல் நேராக அதன் மேல் நின்றது.

மாமா தொட்டிருப்பார் என்று நினைத்தேன். நேராக்கினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி இடது பக்கம்.

"மாமா, இதைத் திருப்பினீங்களா?"

"நான் அந்த ரூமுக்கே வரலை."

சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் காலையில் சங்கிலியில் சேறு இருந்தது.

நான் போடவில்லை. சேற்றுக்கான பொடி டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை. விரலால் தொட்டேன். ஈரமாக இருந்தது. எங்கள் வயல் சேறு கறுப்பு, காய்ந்தால் பாளமாக வெடிக்கும். இது வெளிறிய மண், நறநறவென்று மணல் கலந்தது. சந்தேகம் தீரட்டும் என்று பக்கத்து வயலுக்குப் போய், நின்றிருந்த அறுவடை மெஷினின் சங்கிலியிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன்.

இந்த ஊர் மண் இல்லை.

பழைய பிரஷ்ஷால் கழுவித் துடைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை வண்டியின் அடிவயிறு வரை.

அன்று மாலை நாலு மணிக்கு டிரைவர் மூடி தானாக விட்டுக் கீழே விழுந்தது. நான் பசை போட்டு ஒட்டியது அத்தனை சுலபத்தில் விடாது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பல்லில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு.

கீறல்கள்.

நாலு நாலாக. ஒன்றின் மேல் ஒன்று. என்னிடம் உள்ள எந்த ஊசியாலும் அவ்வளவு மெல்லிய கோடு இழுக்க முடியாது.

அளவு சரியாக இருந்தது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு கை ஒன்று, உள்ளேயிருந்து நகத்தால் பிறாண்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

டீசல் வாடை அடித்தது. அதன் அடியில் இன்னொன்று. டாக்டர்கள் நிஜப் பல்லை ராவும்போது சூட்டில் ஒரு நாற்றம் எழும், எலும்பு தீயும் நாற்றம். அச்சு வாங்கப் போகும் இடங்களில் முப்பது வருஷமாக நான் முகர்வது. இங்கே யாரும் எதையும் ராவவில்லை.

மூடியைத் திரும்ப ஒட்டினேன். பிளாஸ்டிக் சுட்டது, டீ டம்ளர் சுடுவதுபோல.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது அறை வாசலில் மாமா நின்றிருந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"உனக்கும் கேக்குதா?"

நான் தலையாட்டினேன்.

"அம்பத்து நாலு வருஷமா எனக்கு மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே சூரியன் இன்னும் இறங்கவில்லை. ஓட்டு இடுக்கில் வந்த வெளிச்சம் அவர் வெந்த கையில் விழுந்தது. அவராகத்தான் ஆரம்பித்தார்.

"வண்டி சேத்துல உக்காந்துடுச்சு. அடியில ஒரு வழி உண்டு, சேத்துல அது தெறக்காது. குழல் இடது பக்கம் திரும்பி இருந்த நேரம், பின்னால குண்டு வந்து அடிச்சுச்சு. தீ. மத்த ரெண்டு பேரும் மேல் வழியா வெளியே குதிச்சுட்டாங்க. குழல் உங்கப்பன் தலைக்கு மேல நிக்குது. மூடி பாதிகூட எழும்பலை, டரெட் திரும்பினதுல உள்வழியும் அடைஞ்சுபோச்சு. கரண்டு போயிடுச்சு, கையால சக்கரத்தைச் சுத்தினாத்தான் குழல் நகரும்."

"எத்தனை சுத்து மாமா?"

அவர் வெந்த கையை விரித்துப் பார்த்தார்.

"ஆறு. ஏழு இருக்கும். உள்ளேருந்து கத்திக் கூப்பிட்டான். 'மச்சான், குழலைத் திருப்பு, மச்சான்'னு. சக்கரத்துல என் கை இருந்துச்சுடா. ஒரு சுத்து சுத்தினேன். அப்புறம் தீ கிட்ட வந்துச்சு. ஏறி ஓடிட்டேன். இறங்கறப்ப இரும்புல கை பட்டு வெந்ததுதான் இது."

"எவ்வளவு நேரம் தட்டினாரு?"

"அன்னிக்கு ஒரு ராத்திரி முழுக்கன்னு தோணுச்சு. பத்து நிமிஷம்கூட இருக்காது."

என் வாய் கசந்தது. உண்மையாகவே கசந்தது, வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. இந்தக் கையைப் பிடித்துத்தான் நடை பழகினேன். இதே கைதான் என் அம்மாவுக்குப் பணமும் புடவையும் அரிசியும் கொண்டுவந்து கொடுத்தது. அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் இவர் காலில் விழுந்து எழுந்திருக்கிறாள்.

மாமா எழுந்து மேசைக்கு வந்தார். வெந்த கையால் அந்தச் சின்ன டரெட்டைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். காலையில் என் மூச்சுப் பட்டாலே அசைந்த டரெட், நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"சாமிதுரை, விடுறா. இப்பத் திருப்புறேன்டா. இப்பத் திருப்புறேன்..."

சுட்டுவிட்டதுபோல் கையை உதறினார். விரல் நுனிகள் சிவந்திருந்தன. அழுதுகொண்டே தன் அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, தட்டும் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை மேசையிலிருந்து இல்லை.

மாமாவின் கதவிலிருந்து.

"இளவழகா. கதவைத் தெற. மூச்சு முட்டுது."

நடையில் போய் நின்றேன். கதவின் வெளிப்பக்க நாதாங்கி போட்டிருந்தது. நான் போடவில்லை. வீட்டில் வேறு யாருமில்லை.

"புகையா இருக்குடா. தெறப்பா."

புகை எங்குமே இல்லை. நாதாங்கியில் கை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. ஒரு இழுப்பு போதும். ஆறு சுற்று, ஏழு சுற்றுகூட வேண்டாம்.

"இளவழகா!"

கையை எடுத்துக்கொண்டேன்.

எதுவும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. யார் குரலும் என் காதில் சொல்லவில்லை. நான்தான் எடுத்தேன். கொல்லைப்பக்கம் இறங்கி, ஆற்றங்கரைக்குப் போய், படித்துறையில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒருத்தி மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயும் சத்தம் கேட்டது. அப்புறம் இடைவெளி விட்டு விட்டு. அப்புறம் நின்றது.

பத்து நிமிஷம்கூட இருக்காது.

திரும்பி வந்து திறந்தபோது மாமா கதவை ஒட்டிக் கிடந்தார். அறையில் புகை இல்லை, கரி இல்லை, கட்டில் விரிப்பு கசங்கக்கூட இல்லை. பக்கத்து ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். குளிப்பாட்டியவர்கள் கை நகங்கள் பிய்ந்திருந்ததைப் பார்த்தார்கள். வலியில் தரையைப் பிறாண்டியிருப்பார் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். கதவின் உள்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஆட்கள் வருவதற்குள் என் சாமான்களை எடுத்து வைக்கப் போனேன். டரெட் முழுதாகப் பின்னால் திரும்பியிருந்தது. டிரைவர் மூடி திறந்திருந்தது. உள்ளே விரல்நகம் அளவு இருட்டு.

அதற்குள் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். பசை வைத்தேன். காயும்வரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

குடியரசு தினத்தில் கூடம் திறந்தார்கள். மாமா படத்துக்கு மாலை போட்டுக் கயல்விழி டீச்சர் பேசினார். நண்பனைக் காப்பாற்றத் தீக்குள் கைவிட்டவர் என்று சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். "எனக்கு அப்பா மாதிரி" என்றேன். வேறொன்றும் வரவில்லை. டாங்கி உடைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

உடைக்கத்தான் நினைத்தேன். தஞ்சாவூர் வந்ததும் அம்மா பையைப் பிரித்துவிட்டாள். சேறு படிந்த அந்த வண்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "இதுலதான் இருந்தாராடா?" என்று கேட்டாள். இதைப் போய் எப்படிப் பிடுங்குவது? அவள் அறையில், அப்பா படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள். தினமும் துணியால் துடைக்கிறாள். எவ்வளவு துடைத்தாலும் மண் போகமாட்டேன் என்கிறது, நீ நல்லா வேலை கத்திருக்கடா என்கிறாள்.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு நொடியை அவளிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தன் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"இளவழகா, வாசல்ல யாரு பாரு."

"யாருமில்லையேம்மா."

"தட்டுறாங்களேடா. நல்லாக் கேளு." அவள் குரலில் பயமே இல்லை, வந்தவர்களைக் காக்கவைக்கிறோமே என்ற சங்கடம்தான் இருந்தது. "ஒருத்தர் இல்லை, ரெண்டு பேரு. எவ்வளவு நேரம்தான் தட்டுவாங்க, பாவம். எந்திரிச்சுப் போயி தெறந்துவிடேன்டா."