காந்தத்தின் மேல் போட்ட பழி

"ஐயோ! அதை எடுங்க! முதல்ல அதை எடுங்க!"

ரோகினி போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

வெளியே மலாக்கா பஸ் நிலையத்தில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. தஞ்சோங் கிளிங் போகும் பஸ்ஸில் நனைந்த கோழியாக ஏறிய அந்த இளைஞன், கையிலிருந்த பெரிய ஸ்பீக்கரை அவள் பைக்குப் பக்கத்தில்... இல்லை, பையின் மேலேயே சாய்த்து வைத்துவிட்டான்!

"என்னா மிஸ், உள்ள முட்டை இருக்கா?"

"டேப் இருக்கு. கம்ப்யூட்டர் டேப். ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குல்ல? எல்லாம் அழிஞ்சிடும்!"

"அலமாக்... கம்ப்யூட்டருக்கு டேப்பா? அது பாட்டு கேக்குமா?"

சிரித்துவிட்டான். இமைகளில் மழைத்துளி... அதற்குக் கீழே குறும்பாக இரண்டு கண்கள். அவள் கோபமாகத்தான் பார்த்தாள். ஆனால் பார்வையைத் திருப்பக் கொஞ்சம் தாமதமானது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்!

அவன் ஸ்பீக்கரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதன் பெட்டியில் 'கவிநேசன் ஒலிபெருக்கி, செலண்டார்' என்ற எழுத்தும் போன் நம்பரும்.

"வேன் படுத்துக்கிச்சு மிஸ். தஞ்சோங் கிளிங்ல கல்யாணம். ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த நம்பருக்கு அடிங்க. பழிய நான் ஏத்துக்கிறேன்லா."

தெங்கேராவில் அவள் விடுவிடுவென்று இறங்கிப் போனாள்.

அந்த டேப் அவள் அப்பாவின் உயிர். விஜயரட்ணம் ஓய்வு பெற்ற நில அளவையாளர். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய கைப்பெட்டிக் கம்ப்யூட்டரில், சாதகம் கணிக்க அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அந்த மெஷினுக்கு டிஸ்க் கிடையாது. சாதாரண கேசட் ரெக்கார்டரை வயரால் இணைத்து, கேசட்டில்தான் பதிய வேண்டும். ஞாயிறானால் சாதகம் பார்க்க வீட்டில் ஆள் நிறையும். இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்த டேப் அழிந்தால் மறுபடி எழுத அவரால் முடியாது.

அறுந்த வயரையும், சோதித்துப் பார்க்க டேப்பையும் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்த ரோகினி, டேப்பை ஓடவிட்டாள். வயர் மாட்டினால் ரெக்கார்டரில் சத்தம் வெளியே கேட்காது. சின்னத் திரையில் பிழைச் செய்தி வந்தது. மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றி ஓடவிட்டாள். மறுபடியும் பிழை!

"என்ன பிள்ளை, சரிவந்துதோ?"

"வயர் இன்னும் சரியில்லையப்பா," என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். ஸ்பீக்கர் பெட்டியில் பார்த்த நம்பருக்குப் போன் அடித்துக் கத்தித் தீர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கவிநேசன் தன் பெரிய கேசட் டெக்கோடும் ஹெட்போனோடும் வந்து நின்றான்.

"மொதல்ல காப்பி எடுத்துக்குவோம் மிஸ். அசலயே திரும்பத் திரும்ப ஓட்டுனா அறுந்து போயிடும்."

ஹெட்போனை மாட்டிக் கேட்டவன் முகத்தில் திடீரென்று ஒரு புன்னகை. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அழுது சிவந்த அவள் கண்களைக் கண்டதும் புன்னகை அடங்கிவிட்டது.

"என்ன கேக்குது?"

"கூச்சல்தான்..." ஒரு கணம் தயங்கினான். "என் காந்தம் செஞ்ச வேலதான் மிஸ். சாரி."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைத்தான். வால்யூமைக் கூட்டினான், குறைத்தான். ஒன்றும் பலிக்கவில்லை. நடுநடுவே கல்யாண வீட்டுக் கதைகள் சொன்னான். தாலி கட்டும் நேரத்தில் மைக் நின்றுபோனதை அவன் நடித்துக் காட்டியபோது, கோபத்தை மறந்து அவள் சிரித்துவிட்டாள். சனிக்கிழமையே அவள் மனம் வாசலுக்குப் போய்விடும். ரப்பர் தோட்டத்துப் பையன் என்று சொந்தக்காரர்கள் உதட்டைச் சுழிப்பார்களே என்ற பயமும் கூடவே போகும்.

ஒரு ஞாயிறு, வந்தவர்களையெல்லாம் அப்பா திருப்பி அனுப்பினார். "எனக்கு இனி ஏலாது போல," என்று அவர் மெதுவாகச் சொன்னது ரோகினியின் நெஞ்சைச் சுட்டது.

"எல்லாம் உங்களாலதான்! இனிமே இங்க வராதீங்க!"

கவிநேசன் டெக்கை மட்டும் தூக்கிக்கொண்டான். ஹெட்போனையும் காப்பி டேப்பையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது... சும்மா அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக் காப்பியை ஓடவிட்டாள்.

ஒரு பெண் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்! பிறகு அப்பாவின் குரல்: "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது!" "இந்தா வாறன்!" அதற்குப் பிறகுதான் புரோகிராமின் கீச்சொலி, பாதியிலிருந்து.

அது ரோகினியின் குரலேதான்! பஸ்ஸில் போனதற்கு முதல் நாள் ஹெட்டைத் துடைத்துவிட்டு, டேப் ஓடுகிறதா என்று அமுக்கிப் பார்த்தாளே... பதியும் பட்டனையும் சேர்த்தல்லவா அமுக்கியிருக்கிறாள்! கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னக் காதை உடைத்துவிட்டால் யாரும் மேலே பதிய முடியாது. அப்பா எத்தனையோ தரம் சொல்லியும் அவள் உடைக்கவில்லை. காந்தம் ஒரு பாவமும் அறியாது.

அப்படியென்றால்... முதல் ஞாயிறே அவன் இதைக் கேட்டிருக்கிறான்!

அப்பாவிடம் ஓடி எல்லாவற்றையும் அழுது கொட்டினாள்.

"இதுக்கோ அழுகிறாய்? முதலே கேட்டிருக்கலாமே, பிள்ளை. நான் எப்பவும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ரெண்டு தரம் பதியிறனான். முதலாவது பழுதெண்டால், அதைத் தாண்டிச் சுத்திப்போட்டு எடு."

தாண்டிச் சுற்றினாள். திரையில் பிழை வரவில்லை. புரோகிராம் வந்துவிட்டது! உடனே புது கேசட்டில் இன்னொரு பிரதி பதிந்து, ஸ்க்ரூட்ரைவரால் காதை உடைத்தாள். அப்புறம் போன் அடித்தாள்.

அவன் வந்தபோதும் மழை. கேட்டருகில் குடையோடு நின்றாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"அழுதிருந்தீங்க... உங்க தப்புன்னு எப்படி சொல்றது? நெசமாவே சரி பண்ணிடலாம்னுதான் பாத்தேன். என்னால முடியல."

"அவ்வளவுதானா?"

"அப்புறம்... தப்பு என்னுது இல்லன்னா, இந்த வீட்டுக்கு வர எனக்கு வேற என்னா சாக்கு இருக்கு?" தலையைச் சொறிந்தான். "அந்தக் காப்பிய மட்டும் குடுத்துருங்க மிஸ். அதுல உங்க பாட்டு இருக்கு."

அவளுக்குக் கன்னம் சூடேறியது. குடையின் பாதி அவன் பக்கம் சாய்ந்தது.

"தம்பி, மழையில நிக்காமல் உள்ளுக்கு வாரும்!" என்று அப்பா கூப்பிட்டார். "மெஷின் சரிவந்திட்டுது. முதல் சாதகம் உம்முடையதுதான். பிறந்த நேரம் என்ன?"

"நேரம் தெரியாது அங்கிள். பெரட்டுக்கு மணி அடிச்சப்ப பொறந்தேன்னு அம்மா சொல்லும்."

"விடியக் காலமை வேலைக்கு ஆள் கூப்பிடுற மணி. நேரம் கணிக்க அது காணும். பிள்ளை, உன்ரை சாதகத்தையும் எடு. பொருத்தம் பாப்பம்."

ரோகினி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இவ்வளவு பாடுபட்டு மீட்ட புரோகிராம்... பொருந்தாது என்று அது சொல்லிவிட்டால்?

"அப்பா... பொருத்தம் வராட்டியும்... எனக்கு இவர்தான்."

சொல்லிவிட்டாள்! கவிநேசன் மூச்சு விடவும் மறந்து அவளையே பார்த்தான்.

"அப்ப ஏன் சும்மா மெஷினை மினக்கெடுத்த வேணும்?" என்றார் அப்பா. "நிப்பாட்டிப்போட்டு, தம்பிக்குத் தேத்தண்ணி போடு."