வெள்ளிநிலா தியேட்டரில் இறங்கணும்

“ஆஸ்பத்திரி வளைவு... இறங்கணும்!”

காதருகே வெடித்த குரலில் சுக்யீயின் குடை கைநழுவியது. அதிலிருந்த மழைத்தண்ணீர் முழுக்கப் பக்கத்து இருக்கைக்காரனின் ஷூவுக்குள் இறங்கியது. மினிபஸ் குலுங்கி நின்றது.

“நான் உங்களைக் கத்தச் சொன்னேனா?”

“சொல்லல. ஆனா நேத்தும் இதே வளைவுல வாயைத் திறந்தீங்க, மூடினீங்க... திறந்தீங்க, மூடினீங்க. நான் மார்க்கெட்டுல மீன் விக்கிறவன். அப்படி வாய் பிளக்கிறதைப் பார்த்தா தண்ணி ஊத்தணும்னுதான் தோணும்.”

“ஊத்தியாச்சு. ஷூவைப் பாருங்க.”

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். நனைந்த இமைகளுக்குள் களைத்த கண்கள்... சிரித்தபோது மட்டும் விளக்குப் போட்டதுபோல் இருந்தன. சுக்யீ குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

வாஷிங் மெஷின் பழுதானவர்களிடம் நாள் முழுதும் தொலைபேசியில் “மன்னிச்சுக்குங்க” சொல்வது அவள் வேலை. மாலை மோங் காக் கடைவீதியில் வரிசையில் நின்று ஏறும்போது தொண்டையில் ஒரு சொல்கூட மிச்சமிருக்காது. சிவப்பு மினிபஸ்ஸிலோ மணி கிடையாது. கத்தினால்தான் நிற்கும். கத்த முடியாத நாட்களில் கடைசி நிறுத்தம் வரை போய், நடந்து திரும்புவாள். ஹாங்காங்கில் பிறந்து வளர்ந்தவள்தான்... ஆனால் இந்த ஊருக்குத் தன் குரல் எட்டவே எட்டாது என்று தோன்றிவிட்டது. டொராண்டோவிலிருந்து அக்கா “வந்துடுடி” என்றதும், சரி என்றுவிட்டாள். மாதக் கடைசியில் விமானம்.

மறுநாளும் அவன் இருந்தான். அதற்கு மறுநாளும். பெயர் கின்ஹோ. அவள் நிறுத்தம் வரும்போதெல்லாம் அவன்தான் கத்தினான். அவள் முறைப்பாள்... பிறகு முறைப்பதை நிறுத்திவிட்டாள்.

“வெள்ளிநிலா தியேட்டர், இறங்கணும்!” என்று ஒரு பெரியவர் கத்தி இறங்கிய மாலையில் அவள் கேட்டாள்.

“அந்தத் தியேட்டரை இடிச்சு எத்தனையோ வருஷமாச்சே? இல்லாத இடத்தோட பேரை ஏன் இன்னும் கத்துறாங்க?”

“கட்டடத்தைத்தானே இடிச்சாங்க? இறங்குறவங்க இருக்காங்களே.”

அன்றுதான் டொராண்டோவைப் பற்றிச் சொன்னாள். அவன் சன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான்.

“நல்லதுதான்” என்றான். “அங்க பஸ்ஸுல பட்டன் இருக்கும். உங்களுக்குச் சௌகரியம்.”

சுருக்கென்று தைத்தது. போகாதே என்று ஒரு வார்த்தை... அதுகூடவா வராது?

“இனிமே எனக்காக நீங்க கத்த வேண்டாம்.”

அவன் கத்தவில்லை.

அடுத்த மாலை ஆஸ்பத்திரி வளைவு வந்தது... போனது. அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

ஓட்டுநர் ஃபாய் திரும்பிப் பார்த்தார். “என்னடா மீன்காரா, சண்டையா? ஏம்மா, உனக்கு விஷயமே தெரியாதா? இவன் வீடு வெள்ளிநிலா தியேட்டர்கிட்ட. தினம் உன் வளைவுல கத்தறதுக்காகவே வீட்டைத் தாண்டி வந்துட்டு, என்கூடத் திரும்பிப் போறான். லூசுப் பய!”

“அண்ணே, வண்டியை எடுங்கண்ணே...” கின்ஹோவின் காதுகள் சிவந்துவிட்டன.

வண்டி திரும்பியது. மழை கண்ணாடியில் வழிந்து, தெருவிளக்குகளைக் கரைத்துக்கொண்டிருந்தது.

“நாள் முழுக்கக் கத்துறவன் நான்” என்றான் அவன், அவளைப் பார்க்காமல். “இதை மட்டும் சத்தமா சொல்ல வரல. நீங்க போனப்புறமும் அந்த வளைவுல நான் கத்துவேன். தியேட்டர் பேரைக் கத்துற மாதிரி... ஆள் இல்லாட்டியும்.”

அவள் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வளைவு வந்தது. ஃபாய் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். கின்ஹோ அவளைப் பார்த்தான். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்... இந்த முறை வேண்டுமென்றே. வளைவு பின்னால் போய் மழையில் மறைந்தது.

அக்காவிடம் என்ன சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம். மிச்சமிருக்கும் குரலுக்கு இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது.

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“வெள்ளிநிலா தியேட்டர்... இறங்கணும்! ரெண்டு பேர்!”

ஃபாய் பிரேக்கை அழுத்திவிட்டுக் காதைத் தேய்த்தார்.

“அடிப்பாவி... இவ்வளவு குரலை இத்தனை நாள் எங்கம்மா வச்சிருந்தே?”