காடு, முப்பத்தேழு டிகிரி

கரிசல் காட்டு வெக்கை பத்து நிமிஷம் ஒரே எண்ணில் நிற்காது. மேகம் ஒன்று ஓரமாகக் கடந்தால் அரை டிகிரி இறங்கும், காற்று அடங்கினால் ஒரு டிகிரி ஏறும். அப்படியிருக்க, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்த செல்வகணேஷின் கம்ப்யூட்டர் திரையில், வலது மூலையில், 'காடு' என்ற வரிக்கு எதிரே 37.0 என்று நின்றது. இரண்டரைக்கும் அதுதான், மூன்றுக்கும் அதுதான். மூன்றேகாலுக்கும் ஒரு புள்ளி அசையவில்லை.

இந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற வழியில், ஊரை விட்டுத் தள்ளி, சொந்தப் புஞ்சைக் காட்டின் ஓரத்திலேயே வீடு. லினக்ஸ் என்றால் அப்படி ஒரு கிறுக்கு. ஞாயிறானால் திரையின் படத்தை மாற்றுவான், சின்னங்களை மாற்றுவான், எழுத்தைப் பெரிசாக்குவான், பிறகு அதையே சிறிசாக்குவான். வீட்டுக் குழாய் ஒழுகுவதை மட்டும் மூன்று மாசமாகப் பார்க்கவில்லை.

போன மாசம் அவன் செய்த வேலைதான் இந்த வானிலைப் பலகை. சின்ன டப்பாவுக்குள் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கிற கருவியை வைத்து, ஒன்றை மொட்டை மாடியிலும் இன்னொன்றைக் காட்டு நடுவே ஒரு கம்பிலும் கட்டினான். இரண்டு நொடிக்கு ஒரு தடவை ரேடியோ வழியாக எண்கள் வந்து விழும். காங்கி என்ற சின்ன நிரல் அவற்றைத் திரையின் மூலையில் தமிழ் எழுத்தில் காட்டும். மாடி ஒரு வரி, காடு ஒரு வரி. அவன் மனைவி கற்பகம் முதல் நாளே சொல்லிவிட்டாள், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிறதற்கு இத்தனை ஒயரா என்று. சொன்னாளே தவிர, துணி காயப்போடுமுன் திரையை எட்டிப் பார்க்கவும் பழகிக்கொண்டாள்.

மாடி வரியில் 38.6, ஈரப்பதம் 31 சதவீதம். அது சரி. ஆவணி கடைசி, இன்னும் ஒரு சொட்டு மழை இல்லை. காடு வரியில் 37.0, ஈரப்பதம் 95. மாடிக்கும் கம்புக்கும் இருநூறு அடி தூரம்தான். இங்கே அடுப்பு, அங்கே குளியலறையா?

காங்கியை நிறுத்தி மறுபடி ஓட்டினான். அதே எண். ரேடியோ அலைவாங்கியைப் பிடுங்கிச் செருகினான். அதே எண். பிறகுதான் தன் தலையில் தானே தட்டிக்கொண்டான். நேற்று அவன் செய்த காரியம் அது. நேற்றுக் காலையில் காட்டு வரியில் ஈரப்பதம் பேய் பிடித்த மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எண்கள் மாற மாறப் பக்கத்து எழுத்துகள் இடித்துக்கொண்டு பலகையே நடுங்கியது. அழகு கெட்டுப்போனதில்தான் அவனுக்கு ஆத்திரம். கருவியின் கோளாறு என்று முடிவு கட்டி, கடைசிப் பத்து நிமிஷத்துச் சராசரியை மட்டும் காட்டு என்று நான்கு வரி எழுதிச் சேர்த்தான். பலகை அடங்கிவிட்டது. எதனால் ஏறி இறங்கியது என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய பதிவைத் திறந்து பார்த்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே பன்னிரண்டு வரைக்கும் ஒழுங்கான காட்டு வெக்கை. ஆறே பன்னிரண்டுக்கு, ஒரே நொடியில், முப்பத்தேழு. அதிலிருந்து இரவும் முப்பத்தேழு, விடியலும் முப்பத்தேழு. ஃபேன் சத்தத்துக்கு நடுவே அவன் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கிற்று.

கற்பகம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள். கேட்டுவிட்டு அவள்தான் கணக்கைச் சேர்த்தாள். வியாழக்கிழமை இரவு ஆடு மேய்க்கிற கடற்கரை அண்ணாச்சி அந்தக் காட்டில்தான் ஆட்டை அடைத்துக் கிடை போட்டிருந்தார். இருநூறு ஆடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குட்டியைக் காணோம் என்று வாசலில் வந்து நின்று அத்தனை வருத்தப்பட்டார். இவன் டிராக்டருக்குச் சொல்லாமல் தள்ளிப்போட்டு உழவு போடாத காடு அது. வெடிப்பு ஒவ்வொன்றும் ஆள் கை தோள்வரை போகும். கம்பு சாய்ந்து டப்பா வெடிப்புக்குள் விழுந்திருக்கும், குட்டியும் அங்கேயே விழுந்திருக்கும் என்றாள்.

செல்வகணேஷுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. டப்பாவை மேஜையில் வைத்து முதன்முதலாகச் சோதித்தபோது அவன் அதன்மேல் வாயால் ஊதித்தான் பார்த்தான். ஊதினால் ஈரப்பதம் தொண்ணூறுக்கு மேல் ஏறும், வெப்பமும் உடம்புச் சூட்டுக்கு வரும்.

"ஏட்டி, குட்டி உசுரோட இருக்கு. டப்பா மேல மூச்சு விடுது" என்றான். கண்டுபிடித்த பெருமை குரலில் வழிந்தது.

அவள் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். கயத்தாறு பக்கம் வானம் கன்றிக் கறுத்திருந்தது. கரிசலில் பெருமழை விழுந்தால் மண் ஊறி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். உள்ளே கிடப்பது கிடக்க வேண்டியதுதான். அதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இந்தச் சராசரிய எடுத்துட்டு ஒரு நிமிஷத்துல வாரேன். அப்பதான் குட்டி எப்படி மூச்சு விடுதுன்னு தெரியும்."

"உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதாக்கும். மழைக்கு முந்தி நான் போறேன், நீங்க வாங்க."

தண்ணீர் இறைக்கிற கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் சிமெண்டுத் தரையில் கேட்டு, பிறகு மண்ணில் அமுங்கியது.

நான்கு வரியை அழிக்க நான்கு நொடி போதும். இவன் எழுத்து சரிந்ததைச் சரி செய்தான், சின்ன வரைகோடு ஒன்று சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று அதையும் சேர்த்தான். அதற்கே பத்து நிமிஷம் ஓடிற்று. பிறகு காங்கியை ஓட்டினான். காடு வரிக்குக் கீழே ஈரப்பதத்தின் பச்சைக் கோடு மெல்ல ஊர ஆரம்பித்தது.

தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றைந்து. ஏறிக்கொண்டே போய் தொண்ணூற்றெட்டில் நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது, அதே நிதானத்தில், ஒவ்வொரு எண்ணாக.

மூச்சுதான். விடுவதும் இழுப்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவன் கண் திரையில் ஓடுகிற கடிகாரத்துக்குப் போயிற்று. ஏறுவதற்கு ஐம்பது நொடி. இறங்குவதற்கு ஐம்பது நொடி. மறுபடி எண்ணினான். ஐம்பது, ஐம்பது. ஆட்டுக்குட்டி மூச்சு விட்டால் நொடிக்கு ஒன்று, பயந்துபோயிருந்தால் இன்னும் வேகம். ஐம்பது நொடி இழுக்க வேண்டுமானால் நெஞ்சு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஃபேனை நிறுத்தினான். வீடு சட்டென்று அமைதியாயிற்று. குழாய் சொட்டுகிற சத்தம். வெளியே காக்கை இல்லை, காற்று இல்லை. மண்ணின் மேல் ஏதோ ஈரமாகிற வாடை, அதற்கடியில் பழைய பால் புளித்த வாடை, ஜன்னல் வழியாக வந்து நின்றது. ஒரு தடவை வந்தது. போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தான். பச்சைக் கோடு ஏறியபோது மறுபடி வந்தது.

செல்போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். மூன்றாவது மணியில் கற்பகம் எடுத்தாள். அவளுக்கு மூச்சிரைத்தது.

"குட்டி கத்துதுங்க. உங்களுக்குக் கேக்குதா?"

ஸ்பீக்கரில் போட்டான். கேட்டது. மே என்று மெல்லிசாக, கரகரத்து, பாவமாக. குட்டிதான். அவன்தான் எண்ணில் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறான். இரண்டு நொடிக்கு ஒன்று என்பதை வேறு எப்படியோ வாசித்துத் தொலைத்திருக்கிறான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவனுக்கு.

வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. கடற்கரை அண்ணாச்சி உள்ளே தலையை நீட்டினார். கழுத்தைச் சுற்றித் தோளில் ஒரு குட்டி கிடந்தது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காணாமல் போன குட்டி ஓட்டப்பிடாரத்துக்காரர் கிடையில் கலந்து நின்றதாம், ரெண்டு நாளாக அங்கேதான் நின்றதாம். தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

அப்போது செல்போனிலிருந்து மறுபடி வந்தது, மே என்று.

அவர் தோளில் கிடந்த குட்டி காதை விறைத்தது. வாயைத் திறக்கவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியபடி அவர் கழுத்துக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது. கடற்கரை அண்ணாச்சி இருநூறு ஆட்டையும் சத்தத்தை வைத்தே பேர் சொல்கிறவர். அவர் செல்போனைப் பார்த்தார், குட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது இவன் சத்தம்லா தம்பி" என்றார் மெதுவாக. "இவன் இங்கனல்லா இருக்கான்."

"கற்பகம், அங்கன நிக்காத, திரும்பி வா" என்று கத்தினான் செல்வகணேஷ்.

"சும்மா இருங்க. கை எட்டிட்டு." அவள் குரல் தரையோடு தரையாகப் படுத்துப் பேசுகிற மாதிரி அமுங்கியிருந்தது. சிரித்தாள். "நக்குதுங்க. நாக்கு என்ன சூடு."

திரையில் பச்சைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றிரண்டு. இத்தனை நேரமும் அங்கே திரும்பிய கோடு இப்போது திரும்பவில்லை. எண்பது. அறுபத்தைந்து. நாற்பது. இழுத்துக்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

செல்போனில் சத்தம் எதுவும் இல்லை. இணைப்பு அறுபடவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவன் ஓடினான். செருப்பு இல்லை. பின்னால் அண்ணாச்சி என்னமோ சொன்னது காதில் ஏறவில்லை. காட்டுக்குள் இறங்கியதும் வெடித்த மண் பாளங்கள் காலை அறுத்தன. மேற்கே இடி ஒன்று உருண்டது. வெளிச்சம் மஞ்சளாக, கலங்கி, ஒரு நிழலும் விழாமல் கிடந்தது. கம்பு நின்ற இடத்தில் கம்பு இல்லை. கற்பகம் இல்லை.

கயிறு இருந்தது. உடைமரத்து அடியில் அவள் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. அங்கிருந்து விறைப்பாக, பத்தடி நீண்டு, மண்ணுக்குள் போயிற்று.

வெடிப்புக்குள் அல்ல. அந்த இடத்தில் வெடிப்பே இல்லை. காடெல்லாம் வாய் பிளந்து கிடக்க, அங்கே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மண் வழவழவென்று மூடியிருந்தது. இன்னும் மழை விழவில்லை. மண் காய்ந்துதான் இருந்தது. தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

கயிற்றைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. காலை ஊன்றி, முழு உடம்பாலும் இழுத்தான். மறுமுனையில் யாரோ இரண்டு தடவை, சின்னதாக, சுண்டி இழுத்தார்கள். கை. மனுஷக் கை. உயிரோடு இருக்கிறாள். அவன் மண்டியிட்டு நகத்தால் பிறாண்டினான். மண் கல்லாக இருந்தது. நகம் பெயர்ந்தது. பிறாண்டினான். தன்னால்தான், தன்னால்தான் என்று சொல்லிக்கொண்டே பிறாண்டினான்.

அப்போது புளித்த பால் வாடை கிளம்பிற்று. அருகிலிருந்த வெடிப்பிலிருந்து சூடான ஈரக் காற்று அவன் முகத்தில் பட்டது. நீண்ட மூச்சு. அந்த மூச்சோடு குரல் வந்தது. கற்பகத்தின் குரல், சமையற்கட்டிலிருந்து கூப்பிடுகிற அதே இழுப்பு.

"ஏங்க. இங்கன வாங்க."

"எங்க இருக்கட்டி? சொல்லு, எங்க இருக்க?"

"ஏங்க. இங்கன வாங்க."

இது இடது பக்கத்து வெடிப்பிலிருந்து வந்தது. அடுத்தது அவன் முதுகுக்குப் பின்னால். பிறகு வரப்போரம், பின்னாலேயே வந்த கடற்கரை அண்ணாச்சி குட்டியை இறுக்கிக்கொண்டு உறைந்து நின்ற இடத்துக்குப் பக்கத்தில். பிறகு தூரத்தில், காட்டின் கடைசி மூலையில். மூன்று ஏக்கரிலும் ஒரு வெடிப்பு பாக்கியில்லாமல், ஒரே மூச்சில், ஒரே குரலில், கூப்பாடு இல்லாமல், பிரியமாக.

"ஏங்க. இங்கன வாங்க."

முதல் சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. அவன் கைக்குள் கயிறு ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கிற்று.