குட்டிக்கு ஒரு எலி

தொட்டிலுக்கு நேர் கீழே கிடந்த எலி முழுசாக இருந்தது. தையல்காரிக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் குடிவந்த மாடி வீடு. வந்த பிறகுதான் அது நிஜமாகவே எலி வளை என்று தெரிந்தது. கீழே மாவு மில். காலை முதல் மாலை வரை தரை அதிர்ந்துகொண்டே இருக்கும், மாவுத் தூசியின் சூடான வாசனை படியேறி வந்து தைத்த துணியிலெல்லாம் படியும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக எலிகளும் ஏறி வரும். சாம்பல் பூனை இரண்டு வருடமாக அவற்றை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பிடித்ததில் யாருக்கும் பங்கு வைத்ததில்லை. அடுப்பின் பின்னால் உட்கார்ந்து தின்றுவிட்டு வாலை மட்டும் விட்டுப்போகும். இந்த எலியை அது தொடவே இல்லை. நக்கி நக்கி ரோமத்தை ஈரமாக்கி, நேராக நீட்டி, தலையைத் தொட்டில் பக்கம் வைத்திருந்தது.

அவள் அதைக் கிழிசல் துணியில் சுருட்டி எறிந்தாள். ஜன்னலில் இருந்த பூனை அவள் கையையே பார்த்தது. பத்து நாளாகவே அந்தப் பார்வை. அதில் சிநேகம் துளியும் இல்லை.

பத்து நாளுக்கு முன் அதன் மூன்று குட்டிகளையும் அவளுடைய வீட்டுக்காரர் கோணியில் போட்டுக் கட்டி எடுத்துப் போனார். கொண்டுபோகச் சொன்னவள் அவள்தான். தைக்கக் கொடுத்த துணியில் ரோமம் ஒட்டுகிறது என்று வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், வேறென்ன செய்வாள்? எங்கே விட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோணி ஈரமாகத் திரும்பி வந்தது.

அன்று முழுக்கப் பூனை கட்டிலடியிலும் அலமாரி இடுக்கிலும் தேடித் தேடிக் கத்தியது. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. வீட்டுக்காரர் எரிச்சலில், தவழ்ந்துகொண்டிருந்த ஒன்பது மாதப் பிள்ளையைத் தூக்கி அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"இந்தா, உன் குட்டி இங்கதான் இருக்கு. கத்தாத."

பிள்ளைக்கு வீட்டில் குட்டி என்றுதான் செல்லப் பெயர். அவளும் சிரித்துவிட்டாள். பூனை பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்தது, பிடரியை முகர்ந்தது, வெகுநேரம் முகர்ந்தது. அதற்கப்புறம் கத்தவில்லை.

முதல் எலியை எறிந்த மறுநாள் தொட்டிலடியில் இன்னொரு எலி. இதற்கு உயிர் இருந்தது. பின்னங்கால் இரண்டும் ஒடிந்து, முன்னங்காலால் தரையைப் பிறாண்டிக்கொண்டு, அதே இடத்தில் வட்டமடித்தது. பிள்ளை தொட்டில் விளிம்பில் தாடையை வைத்து, எச்சில் ஒழுக, இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் துடைப்பத்தால் எலியை அடித்து வாரியபோது, பாலுக்குக்கூட அப்படி அழாத பிள்ளை வீறிட்டு அழுதது.

மில்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் பல வருடமாக மில்லில் பூனை வளர்ப்பவர். உங்கள் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அது வேட்டை பழக்குதும்மா. முதல்ல செத்ததைக் கொண்டாந்து போடும். அப்புறம் அரை உசிரு. குட்டி தயாராயிடுச்சுன்னு தெரிஞ்சா, முழு உசிரோட கொண்டாந்து அவுத்து விடும்." மாவுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார். "எத்தனை குட்டி?"

 அவள் படியேறி ஓடினாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, உடனே வந்து பூனையைக் கொண்டுபோங்கள் என்றாள். ஒரு பூனைக்குப் போய் இந்தப் பாடா என்று சலித்துக்கொண்டு, வேலை முடிந்து வருவதாகச் சொன்னார். அவள் பூனையைத் துடைப்பத்தால் விரட்டி வெளியே தள்ளினாள். ஒரு சீறல். முழங்கையில் நாலு கீறல். கதவைத் தாழிட்டாள், ஜன்னல்களைச் சாத்தினாள், பிள்ளையைத் தன் காலடியில் பாய் விரித்து உட்கார வைத்தாள்.

சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய சட்டைகள் ஆறு இருந்தன. மிதிக்க ஆரம்பித்தாள். தையல் மெஷினின் கடகடப்பும் கீழே மில்லின் உறுமலும் சேர்ந்து வேறெதையும் கேட்கவிடவில்லை. ஒரு சட்டைக்குக் கை வைத்து முடித்தாள். நூல் அறுந்தது. அதே சமயம் மில்லும் நின்றது.

நிசப்தம்.

குனிந்தாள். பாய் காலியாக இருந்தது.

"குட்டி?"

சமையலறையில் ஏதோ ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. ஈர ரோமத்தின் வாடை. கழிவறையின் வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டை ஒன்று விலகியிருந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

பிள்ளை நாலு காலில் குனிந்திருந்தது. முதுகு அவள் பக்கம். அசைவே இல்லை. பக்கத்தில் பூனை, அதே மாதிரி குனிந்து.

முன்னால் ஒரு எலி. காயமே இல்லை. ஓடியது. பிள்ளை ஓடவிட்டது. ஒரு முழம். இரண்டு முழம். அப்புறம் கை விழுந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. அழுத்தியது. விட்டது. மறுபடி ஓடவிட்டது.

மறுபடி கை விழுந்தது. இந்த முறை பிள்ளை தலையைத் தாழ்த்தி, எலியை வாயில் கவ்வியது.

அவள் பாய்ந்தாள். பிள்ளை திரும்பியது. அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல். அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. 

"குட்டி, அம்மாடா. அம்மாகிட்ட வா."

பிள்ளை அவள் கையைப் பார்த்தது. பின்வாங்கியது. பூனையின் வயிற்றில் முதுகு முட்டும் வரை பின்வாங்கியது.

பூனை அவளைப் பார்த்தபடியே பிள்ளையின் பிடரியை ஒருமுறை நக்கியது. பிறகு அந்தச் சதையைப் பல்லால் மெல்லக் கவ்வியது. பிள்ளை அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டது. கையும் காலும் வயிற்றோடு சுருண்டு துவண்டன. உதட்டுக்கு வெளியே எலியின் வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.