வலப்பக்கத்து இறகுகள்

பகல் 1.15. ஆயிஷா சித்திகா போட்ட சத்தத்தில் எங்கள் தெருவே அவள் வீட்டுக்குள் கூடிவிட்டது. சங்கரன்கோவிலில் யாராவது கத்தினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவோம். அன்று அணைக்கக்கூட இல்லை.

எதுவும் திருட்டுப்போகவில்லை. கூடுதலாக ஒன்று வந்திருந்தது. பல்கலைக்கழகம் அவளை நம்பிக் கொடுத்த கல்லில், சின்ன டைனோசர் ஒன்றின் எலும்பும் இறகும் பதிந்திருந்தன. காலையில் வாலுக்கு இடப்பக்கம் மட்டும் இறகு. தபாலாபீஸ் போய் வருவதற்குள் வலப்பக்கமும் இறகு! வாலிறகை வைத்துத்தான் அது எந்த இனம் என்று அவள் எழுத வேண்டும். கல்லில் கீறல் விழுந்திருந்தால் ஐந்து வருட ஆராய்ச்சி அவ்வளவுதான்.

2.05. சப்-இன்ஸ்பெக்டர் ஹெலன் வந்தாள். கல்லூரியில் ஆயிஷாவோடு ஒரே பெஞ்சில் விலங்கியல் படித்தவள். தவளையை அறுக்கச் சொன்னதும் மயங்கி விழுந்தவள்.

"எதுனால வரைஞ்சதுன்னு தெரியாம தொடாதட்டி. வீட்ல யாரு இருந்தா?"

"அத்தாவும் தம்பியும்தான்."

தம்பி ரிபாயி வண்டிகளுக்குப் படம் வரைபவன். காலையில்தான் கல்லைப் பார்த்து, "பாதி உரிச்ச கோழி" என்று சிரித்திருந்தான். அதைக் கேட்டதுமே தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது, அவன்தான் என்று.

"சத்தியமா நான் இல்லக்கா!"

ஆயிஷாவின் அப்பா மைதீன் சேலைக்கு டிசைன் போடுகிறவர். "நான் கண்ணசந்துட்டேன்லா," என்றார்.

ஹெலன் லென்ஸை வைத்து எண்ணினாள். இடப்பக்கம் பதினான்கு, ஏழாவது பாதியில் முறிந்திருந்தது. வலப்பக்கமும் பதினான்கு, அங்கேயும் ஏழாவது முறிந்திருந்தது.

2.40. ஹெலன் சிரித்தாள்.

"ஏட்டி, ரெக்கார்டு நோட்டுல என் கரப்பானுக்கு ஒரு கால் விட்டுப்போச்சே, ஞாபகம் இருக்கா? அதப் பாத்து வரைஞ்ச உனக்கும் அஞ்சு காலு. ரெண்டு பேரையும் வெளிய நிறுத்துனாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி?"

"கேலிக்கு வரையுறவன் முறிஞ்சத முறிஞ்ச மாதிரியே வரைய மாட்டான். கட்டத்தாள்ல பாதி டிசைன் போட்டு, கட்டத்த எண்ணி மறுபாதியத் திருப்பிப் போடுறவருதான் குறையையும் சேத்து எடுப்பாரு. எதுனால வரைஞ்சீங்க மாமா?"

மைதீன் தலை குனிந்தார். "பென்சில்தாம்மா. அழுத்தவே இல்ல. ஒத்தப் பக்கம் பார்டர் வச்ச சேலைய எவன் எடுப்பான்? எம்மக அரைகுறையா கொண்டுபோறாளேன்னு நெனச்சேன்."

ஆயிஷா மெத்தென்ற ரப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மைதீன் டார்ச் பிடித்தார். நாங்கள் போகப்போக ஒவ்வொரு இறகாக எண்ணினோம். பதினான்கும் போன பிறகு, கீறல் இல்லாத வெறும் கல்.

'வலப்பக்கம்: இறகுத் தடம் இல்லை' என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் அவள் மூச்சு விட்டாள்.